மைனஸ் 20-ல் ஸ்னோமொபைல்: சென்னையிலிருந்து கிளம்புமுன் கைகளுக்காகச் செய்ய வேண்டியவை

பனிமேல் ஓடும் பைக் போன்ற வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டப் போகிறவர்கள் ஜாக்கெட்டுக்கும் பூட்ஸுக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். கையுறை மட்டும் கடைசி நாளில், கண்ணில் பட்ட கடையில், கிடைத்த சைஸில் வாங்கப்படும். சவாரியில் முதலில் மக்கர் செய்வதோ கைதான். உடல் குளிர ஆரம்பித்ததும், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற மூளை விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல்கள் ஒல்லியானவை, தோல்பரப்பு அதிகம். இருக்கிற சூடும் சீக்கிரம் போய்விடும். மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளர் தேடுகிற ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

"தடிமனான கையுறை போட்டால் போதும்" என்பதுதான் இதில் பெரிய தவறு. கை விறைப்பதற்குக் காரணங்கள் மூன்று: காற்று, ஈரம், இறுக்கம். தடிமன் அதற்கப்புறம்தான். பணத்தையும் கவனத்தையும் இந்த வரிசையில் செலவழியுங்கள்.

1. எவ்வளவு குளிருக்குத் தயாராக வேண்டும்?

காஷ்மீரின் குல்மர்க் போகிறீர்களா, பின்லாந்தின் லாப்லாந்துக்கா? இரண்டுக்கும் ஒரே பட்டியல் சரிவராது.

குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் 21-லிருந்து ஜனவரி இறுதி வரையிலான சுமார் 40 நாட்களைக் காஷ்மீரில் 'சில்லை கலான்' என்பார்கள், கடுங்குளிர்க் காலம். அப்போதும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். சவாரியும் குறுகியது, பல நேரம் உள்ளூர் ஓட்டுநரே முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஒரு நல்ல கையுறையும் உள்ளுறையும் இருந்தால் சமாளித்துவிடலாம். லாப்லாந்தின் ரோவனியெமி பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் -20 சாதாரணம், சில நாட்களில் -30-க்கும் கீழே போகும். அங்கே நீங்களே மணிக்கணக்கில் ஓட்டுவீர்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த இரண்டாவது வகைக்கு.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். காற்றே வீசாத நாளில்கூட, வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்கள்மேல் 40 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. -10 டிகிரியில் அது -21 போல உறைக்கும். -20 டிகிரியில் -34 போல. வேகத்தை 60-க்கு ஏற்றினால் -36. இந்தக் காற்றுக்குளிர் அளவு -28-க்குக் கீழே போனால் மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் பனிக்கடி (குளிரில் தோல் உறைந்து சேதமாவது) வரலாம். -40-க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம் போதும். போன் எடுத்து ஒரு வீடியோ பிடிக்கிற நேரம் அவ்வளவுதான்.

2. காகித வேலையை முதலில் முடியுங்கள்

கைக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். விசா கடைசி நேரத்தில் வந்தால் கையுறையைச் சோதித்துப் பார்க்க நாளிருக்காது. அதுதான் சம்பந்தம்.

பின்லாந்தில் ஸ்னோமொபைல் ஓட்ட ஓட்டுநர் உரிமம் வேண்டும். கார் ஓட்டும் உரிமம் இருந்தால் கேள்வி எழாது. அசல் கார்டைக் கையில் கொண்டுபோங்கள், டிஜிலாக்கர் நகலை நம்பிப் போகாதீர்கள். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்வது நல்லது. பரிவாகன் தளத்தின் சாரதி பக்கத்தில் படிவம் 4ஏ மூலம் உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். உரிமம் இல்லாதவர் பின்னால் உட்காரத்தான் முடியும். அப்படியானால் கை ஏற்பாடும் மாறும், 5-ஆம் படியைப் பாருங்கள்.

பின்லாந்து போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. பரிசீலனைக்குப் பொதுவாக 15 நாட்கள் என்றாலும், கிறிஸ்துமஸ் சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: விசாவுக்குப் போதுமான மலிவான பாலிசி எடுப்பார்கள், அதில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும். 'ஸ்னோமொபைல் ஓட்டும்போது ஏற்படும் காயம் சேருமா?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வண்டிக்குச் சேதமானால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை வேறு கணக்கு, அது சவாரியை நடத்தும் சஃபாரி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

குல்மர்க்குக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஆனால் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இல்லையென்றால் யு.பி.ஐ. நின்றுபோகும், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காற்றை நிறுத்துங்கள்

காற்றுக்குளிர்க் கணக்கு காற்று படுகிற தோலுக்குத்தான். காற்றை மறித்துவிட்டால் -34 திரும்ப -20 ஆகிவிடும். இதற்கு நிகரான கையுறை எந்த விலையிலும் கிடையாது.

முன்பதிவு செய்யும்போதே சஃபாரி நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். விண்ட்ஷீல்ட் உயரமானதா, குட்டையானதா? கைப்பிடிச் சூடேற்றியும் கட்டைவிரல் சூடேற்றியும் இரண்டும் வேலை செய்கின்றனவா? ஹேண்டில்பாரில் மாட்டும் உறைகள் கிடைக்குமா?

அந்த உறைகளை மஃப் என்பார்கள். கைப்பிடி, பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாவற்றையும் மூடி, பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும் பை. கையை அதற்குள் நுழைத்து ஓட்ட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கைப்பிடியின் சூடு அந்தப் பைக்குள்ளேயே தங்குவதால், -25-லும் நடுத்தரக் கையுறையோடு ஓட்டலாம். சுற்றுலா வண்டிகளில் எப்போதும் இருக்காது, கேட்டால் சிலர் மாட்டிக் கொடுப்பார்கள்.

மஃப் மாட்டினால் புறப்படுமுன் இரண்டு சோதனைகள் அவசியம். கையை நொடியில் வெளியே எடுக்க முடிகிறதா? உறையின் துணி ஆக்சிலரேட்டர் நெம்பில் (லீவரில்) சிக்காமல் இருக்கிறதா? எஞ்சினை அணைத்து வைத்து, நெம்பை அழுத்திவிட்டு விடுங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள்.

காற்று நுழையும் இன்னொரு வழி மணிக்கட்டு. கையுறைக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி இருந்தால் போதும், அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால், விரலுக்குப் போகிற ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். முழங்கைப் பக்கமாக நீண்டு, ஜாக்கெட் கைக்கு மேலே ஏறி, கயிறு இழுத்துக் கட்டும் கையுறை வாங்குங்கள். அதற்கு உள்ளே ஒரு மணிக்கட்டுப் பட்டையும் போடலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை: பழைய கம்பளி சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு, கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டால் ஆயிற்று.

4. கையுறை: மூன்று அடுக்கு, சரியான சைஸ்

முதல் அடுக்கு மெல்லிய உள்ளுறை. மெரினோ கம்பளி, பட்டு, பாலியெஸ்டர் எதுவானாலும் சரி. பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். சிக்னலில் வெயிலுக்காக வாங்கும் பருத்தி உறைகள் இதற்கு உதவாது. ஆளுக்கு மூன்று ஜோடி எடுங்கள்: ஒன்று கையில், ஒன்று ஜாக்கெட்டின் உள்பையில், ஒன்று ஹோட்டலில் காய.

இரண்டாவது சூடு காக்கும் அடுக்கு, மூன்றாவது காற்றும் நீரும் புகாத வெளியுறை. கடையில் இவை இரண்டும் ஒன்றாகத் தைத்தே வரும். இரண்டையும் தனித்தனியாகக் கழற்றக்கூடிய மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், காயவைப்பது சுலபம்.

ஐந்து விரல் கையுறையா, மிட்டனா என்பதில் குளிர்க் கணக்குப்படி மிட்டன்தான் ஜெயிக்கும். நான்கு விரலும் ஒரே அறையில் இருப்பதால் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். ஆனால் ஸ்னோமொபைலில் இடதுகை பிரேக் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்கு மட்டும் தனி அறை உள்ள மூன்றுவிரல் மாடல் நல்ல சமரசம்.

ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கைப்பிடிச் சூடேற்றி உள்ள வண்டிக்கு, உள்ளங்கைப் பக்கம் தடிமனான கையுறை எதிர்வேலை செய்யும். கைப்பிடியின் சூடு உங்கள் கைக்கு வராது. உள்ளங்கைப் பக்கம் மெல்லிதாகவும் புறங்கைப் பக்கம் தடிமனாகவும் இருப்பதுதான் தேவை. பனிச்சறுக்குக்கான கையுறை பல இப்படித்தான் இருக்கும்.

சைஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளுறையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் வெளியுறையைப் போட்டுப் பாருங்கள். முஷ்டி மடக்கினால் விரல்முனை இழுபடக்கூடாது, விரல்நுனிக்கு அப்பால் அரை சென்டிமீட்டராவது காலியிடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இறுக்கமான உறை ரத்த ஓட்டத்தையும் தடுக்கும், அடைத்த பஞ்சையும் நசுக்கும். இரண்டு தடித்த கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிப்பவர்கள் இந்த வலையில்தான் விழுகிறார்கள். மறுபக்கம், லொடலொட என்றிருந்தால் ஆக்சிலரேட்டர் நெம்பில் மாட்டும்.

சென்னையில் டெக்கத்லான் கடைகளில் வெட்ஸே பிராண்டுப் பனிச்சறுக்குக் கையுறைகள் கிடைக்கும். எல்லாக் கிளையிலும் இருப்பு இருக்காது, ஆன்லைனில் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளுறைக்குச் சில நூறு ரூபாய், நல்ல வெளியுறைக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரை ஒதுக்குங்கள். தெருவோரக் கம்பளிக் கையுறை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் பின்னல் இடைவெளி வழியே காற்று நேராகப் போகும். அதை உள்ளே போடலாம், வெளியே போடக்கூடாது.

வாடகைக் கையுறை பற்றி ஒரு வார்த்தை. லாப்லாந்தில் சஃபாரி நிறுவனங்கள் பெரும்பாலும் முழு உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட், கையுறை எல்லாம் கட்டணத்திலேயே கொடுத்துவிடும். வெளியுறைக்கு அதை நம்பலாம், உள்ளுறை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். குல்மர்க் போகும் வழியில் தங்மர்க்கில் வாடகைக்குக் கிடைப்பதை வாங்குமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். முந்தைய ஆளின் ஈரம் இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. வலது கட்டைவிரல்

நம் ஊர் பைக்கில் ஆக்சிலரேட்டரை முறுக்குவோம். ஸ்னோமொபைலில் வலது கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு விரல் மற்ற விரல்களைவிட்டுத் தனியாக, அசையாமல், நீட்டியபடி நிற்கும். மற்ற ஒன்பது விரலும் நன்றாக இருக்கும்போதே அது மரத்துப்போகும்.

கட்டைவிரல் சூடேற்றிக்குப் பெரும்பாலும் தனி சுவிட்ச் இருக்கும். கைப்பிடியைப் போட்டுவிட்டு இதைப் போட மறப்பவர்கள் அதிகம். வழிகாட்டி விளக்கும்போது சுவிட்ச் எது என்று கேட்டு, போட்டு, நெம்பைத் தொட்டு உறுதி செய்யுங்கள். விரல் குளிர்ந்த பிறகு போடுவதில் பயன் குறைவு, கிளம்பும்போதே முழுச்சூட்டில் வையுங்கள். பிறகு குறைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் நேராகப் போகும்போது கட்டைவிரலுக்குப் பதில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் நெம்பை அழுத்திச் சில நொடிகள் மாற்று கொடுக்கலாம். திருப்பத்திலும் கூட்டத்திலும் இந்த வேலை ஆகாது.

பின்னால் உட்காருபவருக்குக் கட்டைவிரல் தொல்லை இல்லை. ஆனால் எல்லா வண்டியிலும் பின் கைப்பிடிக்குச் சூடு கிடையாது, கைக்கு வேலையும் கிடையாது. அவருக்குத் தடிமனான முழு மிட்டனும் சூட்டுப்பையும் கொடுங்கள்.

6. சூட்டுப்பை, பேட்டரிக் கையுறை

ஒருமுறை பயன்படுத்தும் சூட்டுப்பைக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, ஈரம். காற்றுபட்டதும் இரும்பு துருப்பிடிக்கும், அந்த வினையின் சூடுதான் வெளியே வருகிறது. அதனால் மூன்று விஷயங்கள்:

பொட்டலத்தைப் பிரித்து 15, 20 நிமிடம் வெளியே வைத்துச் சூடேறவிட்டு, பிறகு கையுறைக்குள் வையுங்கள். பிரித்த உடனே திணித்தால் காற்றில்லாமல் செத்துப்போகும். "வாங்கிய பை வேலை செய்யவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

வைக்க வேண்டிய இடம் புறங்கை. உள்ளங்கையில் வைத்தால் பிடி வழுக்கும். தோலில் நேராகப் படாமல் உள்ளுறைக்கு மேலே இருக்கட்டும்.

காலாவதித் தேதியைப் பாருங்கள். பை கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்து ஏற்கெனவே வினை முடிந்துவிட்டது.

நல்ல பை சுமார் 8 மணி நேரம் சூடு தரும். சர்க்கரை நோயால் விரலில் உணர்வு குறைந்தவர்கள் கவனம், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். அவர்கள் சூட்டுப்பையைத் தவிர்ப்பதே மேல்.

பேட்டரிக் கையுறை விலை அதிகம். ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் வேண்டாம் என்பேன், அந்தக் காசுக்கு மஃப் உள்ள வண்டியைத் தேடிப் பிடிக்கலாம். விரலுக்கு ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவருக்கு மட்டும் அது நியாயமான செலவு. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தில் பாதியைக் கணக்கில் வையுங்கள்.

விமானத்தில் உதிரி பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 7.4 வோல்ட், 2,200 மில்லி-ஆம்பியர் கையுறை பேட்டரி 16 வாட்-மணிதான். அளவு அச்சடிக்கப்படாத பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெட்ரோல் ஊற்றி எரிக்கும் வகைச் சூடேற்றி வாங்கவேண்டாம், அதன் எரிபொருளை விமானத்தில் ஏற்ற முடியாது.

7. சென்னையிலேயே சோதனை

பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் செய்யுங்கள், மாற்றி வாங்க நேரம் இருக்கும். முழுக் கையுறையையும் போட்டுக்கொண்டு ஹெல்மெட் கொக்கியை மாட்டுங்கள், ஜாக்கெட் ஜிப்பை இழுங்கள், துணி கிளிப் ஒன்றைக் கட்டைவிரலால் நூறுமுறை அழுத்துங்கள். எது முடியவில்லையோ அதற்காக அங்கே கையுறையைக் கழற்றுவீர்கள், அதுதான் ஆபத்து. ஜிப்புகளில் நீளமான கயிறு கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீர் புகாது என்று எழுதியிருந்தால், கையில் மாட்டி மணிக்கட்டு வரை வாளித் தண்ணீரில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். பிறகு ஃபேன் காற்றில் உலர்த்துங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் ஒருநாளுக்கு மேல் ஆகும். எனவே கிளம்பும் முந்தைய நாள் இந்தச் சோதனை வேண்டாம். குளிரைச் சோதிக்க வீட்டு ஃப்ரீசரின் -18 கிடைக்கும், ஆனால் காற்று இல்லாததால் அதில் தேறியதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்கள், ஏசி அறையிலேயே விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

8. சவாரி நாள்

மோதிரம், வளையல் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றிவிடுங்கள். உலோகம் சூட்டை உறிஞ்சும், விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாட்ச் பட்டையைத் தளர்த்துங்கள். தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவினால் பனிக்கடி வராது என்பது வெறும் நம்பிக்கை.

நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நடு உடல் சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். கை குளிர்ந்தால் சில நேரம் கையுறையை மாற்றுவதைவிடக் கழுத்தை மூடுவது பலன் தரும். சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். மது சூடேற்றுவதுபோல் காட்டி உடல்சூட்டை வெளியே விடும், குடித்துவிட்டு ஓட்டுவது சட்டப்படியும் மாட்டும்.

கையுறையை அறையிலேயே, கை சூடாக இருக்கும்போதே மாட்டுங்கள். கையுறை தானாகச் சூடு உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், புதியவர்கள் பயத்தில் செய்யும் தவறு இது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, கைகளைப் பெரிய வட்டமாக இருபது, முப்பது முறை வேகமாகச் சுழற்றுங்கள். ரத்தம் விரல்முனைக்குத் தள்ளப்படும்.

கழற்றிய கையுறையைப் பனிமேல் வைக்காதீர்கள், ஜாக்கெட்டுக்குள் போடுங்கள். மணிக்கட்டுக் கயிறு இருந்தால் மாட்டியே வையுங்கள். வண்டி பனியில் புதைந்து தோண்ட நேர்ந்தால் வியர்க்கும். ஏறி ஓட்டுமுன் உள்ளுறையை மாற்றுங்கள், இதில் சோம்பல் கூடாது.

பெட்ரோல் ஊற்றும் இடத்தில் கூடுதல் எச்சரிக்கை. அந்தக் குளிரிலும் பெட்ரோல் உறையாது, கையில் பட்டால் அதே -20-ல் ஆவியாகித் தோலை நொடியில் உறையவைக்கும். மருந்துக்கடை நைட்ரைல் கையுறையை உள்ளுறைமேல் போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

9. விரல் வெளுத்தால்

வலி முதல் எச்சரிக்கை. வலி நின்று, விரல் மெழுகுபோல வெளுத்து, தொட்டால் தெரியாமல் போனால் உடனே நிறுத்துங்கள், வழிகாட்டியிடம் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு முகாம்வரை இழுக்காதீர்கள். தோல் இன்னும் மென்மையாக இருந்தால் அக்குளில் கையை வைத்துக்கொண்டாலே நிறம் திரும்பும்.

கெட்டியாகிவிட்டால் தேய்க்கக்கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். தீயிலும் ஹீட்டரிலும் காட்டக்கூடாது. குல்மர்க்கில் அன்போடு காங்க்ரியை நீட்டுவார்கள். மரத்த விரலுக்கு அந்தக் கணப்புச் சட்டியின் சூடு தெரியாது, வெந்துபோகும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், சுமார் அரைமணி நேரம், தோல் மென்மையாகிச் சிவக்கும்வரை முக்கி வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கை மரத்துப்போகாத இன்னொருவரின் முழங்கையால் வெதுவெதுப்பைப் பாருங்கள். மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால் உருகவைக்காதீர்கள், உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பலமடங்கு.

கொப்புளம், நீலநிறம், திரும்பாத மரப்பு இருந்தால் மருத்துவமனைதான். அவசர எண் இந்தியாவிலும் பின்லாந்திலும் 112. காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். மருத்துவ அறிக்கை, அசல் பில், சஃபாரி நிறுவனத்தின் சம்பவக் குறிப்பு மூன்றையும் ஊரைவிட்டுக் கிளம்புமுன் வாங்கிவிடுங்கள், சென்னை வந்தபிறகு மின்னஞ்சலில் துரத்துவது பெரும்பாடு.